மூன்றாம் சுற்றின் இடறல்

கம்புசுமா, ஹராரே
9 ஜூலை 1995

அன்புள்ள தம்பி செஞ்செராய்,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக வலது கை ஆள்காட்டி விரல் நகத்தை வெட்டினேன். பல் துலக்குவதற்கும் முன்னால். பதினெட்டு வருடமாக அந்த ஒரு நகத்தில் கத்தரி பட்டதில்லை என்பது உனக்குத் தெரியும். "நான் பொண்ணைக் கட்டினேனா, பருந்தைக் கட்டினேனா?" என்று உன் அண்ணன் தொபியாஸ் உயிரோடு இருந்தவரை கேட்காத மாதமில்லை. இப்போது பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் திருத்தினால் தாளைக் கிழிக்கிறது. ஸ்வெட்டர் நூலில் மாட்டிக்கொள்கிறது. எம்பிரா வாத்தியத்தின் இரும்பு நாக்குகளைக் கீழிருந்து நெம்புவதற்காக வளர்த்த நகம். நெம்புவதற்கு வேலை இல்லாதபோது எதற்கு வைத்திருப்பது என்று வெட்டிவிட்டேன். வாஷ் பேசினில் விழுந்து கிடந்ததைப் பார்த்தால் மீன் செதில் மாதிரி இருந்தது.

மே மாதம் நீ ஊருக்குப் போய், பதிவும் முடிந்ததிலிருந்து எம்பிராவை உறையிலிருந்து எடுக்கவில்லை. இரண்டொரு தடவை எடுத்துப் பார்த்தேன் என்று எழுதினால் பொய். பதில் சொல்ல உன் பின்வாசிப்பு இல்லாமல் முன்வாசிப்பை மட்டும் தனியாக வாசிப்பது, ஆளில்லாத வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருப்பது போல இருக்கிறது.

கேசட் வந்துவிட்டது. இரண்டு பிரதிகளை மொந்தோரோ பேருந்தின் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். ஒன்று உனக்கு, ஒன்று உன் அக்கா எஸ்னாத் அண்ணிக்கு. நம் "வழிவிடு" பாட்டை வானொலியில் ஒரு நாளைக்கு மூன்று முறை போடுகிறார்கள்.

நீ போனபிறகு நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். நீ முதல் நாள் மட்டும்தான் வாசித்தாய். இரண்டாம் நாள் காலை உன் மாமனார் இறந்த செய்தி வந்தது, கிளம்பினாய். போகவேண்டியதுதான். ஆனால் ஒலிப்பதிவுக் கூடம் நமக்கென்று இருந்தது மூன்றே நாள். கீபோர்டு வாசிக்கும் ஃபிடெலிஸ், உன் பின்வாசிப்பின் முதல் நாள் பதிவிலிருந்து ஒரு சுற்றை மட்டும் வெட்டி எடுத்து இயந்திரத்தில் போட்டான். அது நிற்காமல் சுழன்றுகொண்டே இருக்கும். அதன்மேல் நான் முன்வாசிப்பை வாசித்தேன். நம் எம்பிராக்களின் சுருதியைத் தொடவில்லை. கீபோர்டைத்தான் அதற்குத் தகுந்தபடி இறக்கினான். தொபியாஸ் ஆட்டும் சுரைக்கிலுக்கின் இடத்தில் டிரம் மெஷின். அவர் இருந்திருந்தால் சண்டைக்கு வந்திருப்பார். இல்லாததால் யாரும் வரவில்லை.

அட்டையில் உன் பெயர் என் பெயருக்குக் கீழே, அதே அளவு எழுத்தில் இருக்கிறது.

முந்தைய மூன்று கடிதங்களுக்குப் பதில் இல்லை. கோபமா, மாடுகளா?

ஷுவாய்

*

மொந்தோரோ
23 ஜூலை 1995

மதிப்புக்குரிய அண்ணிக்கு செஞ்செராய் எழுதுவது.

நலம். மாடுகளும் நலம். செவ்வாயும் வியாழனும் ஊர் மாடுகளை மருந்துத் தொட்டியில் முக்கி ஏற்றுவது நடக்கிறது. உண்ணி குறைந்திருக்கிறது. எஸ்னாத் அக்காவுக்கு முழங்கால் வலி. கேசட் வந்து சேர்ந்தது.

அது வருமுன்பே கேட்டுவிட்டேன். மருந்து டின் வாங்கப் போய்விட்டுத் திரும்பும்போது பேருந்தில் போட்டான். டிரைவர் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு விரலைத் தூக்கினான்.

"இந்த இடம், இந்த இடம்... கேட்டீங்களா? நொண்டிச்சு பாருங்க! அதாங்க அழகு."

"யாருய்யா வாசிக்கிறது?" என்று கோழிக்கூடையோடு ஒருத்தி கேட்டாள்.

"யாரோ செஞ்செராயாம். நம்ம பக்கத்து ஆளாம்."

"கையில என்ன கோளாறோ பாவம்."

நான் ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி நடந்தேன்.

அண்ணி, என்ன நடந்தது என்று நீங்கள் என்னிடம் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். பதிவு நடந்த வாரம் கம்பி வேலி கட்டியதில் இடது கட்டைவிரல் நகம் பிளந்திருந்தது. பசை போட்டு ஒட்டிக்கொண்டு வந்தேன். அன்று வாசித்ததில் மூன்றாவது சுற்றில் விரல் வழுக்கியது. கீழ்வரிசையில் பெரிய நாக்கு பிந்தி விழுந்தது, பக்கத்து நாக்கையும் உரசியது. நான்காவது சுற்றில் அதே இடத்தில் சற்று அழுத்தி வாசித்து மூடிவிட்டேன். எந்தச் சடங்கிலும் எவனும் அதைக் கவனித்திருக்க மாட்டான். வாசிக்கிறவன் எவனுக்கும் வழுக்கும். அடுத்த சுற்று அதற்குத்தான் இருக்கிறது.

இயந்திரத்துக்கு அடுத்த சுற்று கிடையாது. அதே மூன்றாவது சுற்றுதான் திரும்பத் திரும்ப வருகிறது.

நம் குடும்பத்தை எப்படியும் கேலி செய்யும் உரிமையுள்ள போனிஃபேஸைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அண்ணனின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அண்ணனைப்போலக் குறட்டை விட்டுக் காட்டியவர். இப்போது என் வாசல் வழியாகப் போகும்போதெல்லாம் நான்கடிக்கு ஒரு தடவை நொண்டுகிறார்.

"என்ன போனிஃபேஸ், காலுல முள்ளா?" என்றேன்.

"முள்ளெல்லாம் இல்ல, குரங்குக் குலத்தாரே. உங்க பாட்டைக் கேட்டேன். அப்புறம் காலு தானா இப்படிப் போகுது. டாக்டர்கிட்ட போகவா, உங்ககிட்ட வரவா?"

சிரித்தேன். அவர் சொன்னால் சிரிக்கவேண்டும், அதுதான் முறை.

அந்தச் சுற்றை எடுத்துவிட்டு வேறு சுற்றைப் போடச் சொல்லுங்கள். வேண்டுமானால் நானே வந்து வாசிக்கிறேன். நகம் ஆறிவிட்டது.

செஞ்செராய்

*

கம்புசுமா
6 ஆகஸ்ட் 1995

அன்புள்ள தம்பி,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஃபிடெலிஸிடம் போனேன். அவன் நாற்காலியில் சுழன்றுகொண்டே படித்தான். படித்து முடித்தபின்னும் சுழன்றான்.

"அக்கா, இதை எடுக்கச் சொல்றாரா? அந்த இடம்தான்க்கா பாட்டே. ஜனங்க அதுக்குத்தான் ஆடுது. கிளப்புல போய்ப் பாருங்க, அந்த இடத்துக்கு ஒரு ஸ்டெப்பே வெச்சிருக்காங்க."

"அவரு வாசிச்சதுல அது தப்புடா."

"தப்புன்னு யாருக்குத் தெரியும்? உங்களுக்கும் அவருக்கும். மீதி நாட்டுக்கே அது ஸ்டைலு."

"அவரு பேரு இருக்கு அட்டையில."

"அதான்க்கா நானும் சொல்றேன். அவரு பேரு இருக்கு. என் பேரு பின்பக்கம் பொடி எழுத்துல இருக்கு. நான் அழுதேனா?"

பிரதிகள் ஆயிரக்கணக்கில் போய்விட்டன, இனி திரும்பப் பெற வழியில்லை என்பது உண்மை. அவனிடம் மேலும் வாதாடவில்லை. உன்னிடம் ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: பதிவின்போது எனக்கு அது காதில் விழவில்லை. நீ எழுதியபிறகு ஹெட்போன் மாட்டிக் கேட்டுப் பார்த்தேன். இருக்கிறது. நீ சொன்ன இடத்தில், நீ சொன்னபடியே.

அக்டோபர் 28, சனிக்கிழமை, இங்கே பெரிய தோட்டத்தில் ஒரு கச்சேரி ஏற்பாடாகிறது. வெளிநாட்டிலிருந்து மூன்று விழாக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். பிடித்துப்போனால் அடுத்த வருடம் அவர்கள் ஊர்களுக்குக் கூப்பிடுவார்கள். நீ வா. இயந்திரத்தின் வாயை மூடிவிட்டு நீயே பின்வாசி, எல்லாரும் கேட்கட்டும். இதைவிட நேர்மையான வழி எனக்குத் தோன்றவில்லை.

ஷுவாய்

*

மொந்தோரோ
27 ஆகஸ்ட் 1995

அண்ணிக்கு,

கச்சேரிக்கு வரவில்லை. காரணத்தையும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் மாடுகள் என்பீர்கள்.

போன வாரம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் கேழ்வரகுக் கள் ஊற்றினார்கள். வாசிக்கக் கூப்பிட்டார்கள், போனேன். "வழிவிடு" ஆரம்பித்தேன். ஒரு சுற்று முடியவில்லை, பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"மாமா, ரேடியோவுல வர்ற மாதிரி வாசிங்க!"

"இதுதான்டா அந்தப் பாட்டு."

"இல்ல மாமா, அந்த நொண்டல் வரலையே. மறந்துட்டீங்களா?"

"வயசாயிடுச்சு அவருக்கு, விடு" என்றான் இன்னொருவன். பிறகு அவர்களுக்குள் ஒருவன் எழுந்து வந்து, மரியாதையாகத்தான், எனக்கு வாசித்துக் காட்டினான். என் தப்பை எனக்கு. உரசல் உட்பட. நல்ல நகம் அவனுக்கு.

முப்பது வருடமாக இந்தப் பக்கத்தில் யார் வீட்டில் முன்னோரைக் கூப்பிடவேண்டுமென்றாலும் பின்வாசிப்புக்கு என்னைத் தேடி வருவார்கள். முன்வாசிக்கிறவர் பெயர் ஊருக்குத் தெரியும். பின்வாசிக்கிறவனை முன்வாசிக்கிறவர்களுக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு அது போதுமானதாக இருந்தது. இப்போது என் பெயர் ஊருக்குத் தெரிந்துவிட்டது. எதற்காக என்றும் தெரிந்துவிட்டது.

இன்னொன்று. எழுதக்கூடாது என்று இருந்தேன். நான்கு வருடத்துக்கு முன் அண்ணனின் காரியம் முடிந்த காலையில், நாங்கள் ஆண்கள் முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். உங்கள் கையில் தண்ணீர்க் கிண்ணத்தைக் கொடுத்தார்கள். யார் முன்னால் அதை வைக்கிறீர்களோ அவன்தான் இனி உங்களுக்குக் கணவன். நீங்கள் எங்கள் வரிசையைக் கடந்துபோய் எஸ்னாத் அக்காவிடம் கொடுத்தீர்கள். யாரும் வேண்டாம் என்று அர்த்தம். அது உங்கள் உரிமை. எனக்கு மனைவி இருக்கிறாள், எனக்குக் குறையில்லை. அன்று நான் நினைத்தது ஒன்றுதான்: அண்ணிக்கு நான் வேண்டாம், என் கை வேண்டும், அது போகட்டும். இப்போது கையும் இங்கே என்னிடம் சும்மா இருக்கிறது, நீங்கள் அங்கே வாசிக்கிறீர்கள். அது எப்படி என்று யோசித்துக்கொண்டே மாடுகளை முக்குகிறேன்.

மழைச் சடங்கு செப்டம்பர் 30 என்று முடிவாகியிருக்கிறது. முன்வாசிப்புக்கு வேறு ஊரிலிருந்து ஆள் பார்த்தாயிற்று.

செஞ்செராய்

*

கம்புசுமா
17 செப்டம்பர் 1995

தம்பி,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. ஐந்து தடவை ஆரம்பித்தேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புவியியல் நடத்திக்கொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்திவிடுகிறேன். "டீச்சர், ஆறு எங்க போச்சு?" என்று கேட்கிறார்கள்.

முதலில் கிண்ணம். அதை உன் முன்னால் வைத்திருந்தால் மறுநாளிலிருந்து நீ எனக்குக் கணவன். என் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கும்போது என் முகத்தைப் பார்த்து, யோசித்து, பதில் சொல்லியிருப்பாய். எனக்கு முகம் பார்க்காமல் பதில் சொல்கிறவன் வேண்டியிருந்தது. அந்த வரிசையில் அப்படி ஒருவன்தான் இருந்தான். அவனை இழக்க மனமில்லாமல் கடந்து போனேன். இதை அன்றே சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, நீயும் கேட்கவில்லை.

இரண்டாவது, ஒரு பொய். போன கடிதத்தில், பதிவின்போது காதில் விழவில்லை என்று எழுதினேன். விழுந்தது. நீ வாசித்துக்கொண்டிருந்தபோதே விழுந்தது. நீ நான்காவது சுற்றில் மூடியதும் தெரிந்தது.

நீ ஊருக்குப் போன அன்று ஃபிடெலிஸ் உன் பதிவிலிருந்து ஐந்து சுற்றுகளைத் தனித்தனியாக வெட்டி வைத்தான். ஒவ்வொன்றாகச் சுழலவிட்டு, "எது வேணும்க்கா?" என்று கேட்டான். நான்கு சுற்றுகள் சுத்தமாக இருந்தன. ஒரு நிமிடம் சுழன்றதும் தையல் மெஷின் ஓடுவது போல ஆகிவிட்டன. மூன்றாவதைப் போட்டான். அந்த இடம் வந்தது. பத்து தடவை கேட்டபின்னும் யாரோ அங்கே உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. மூச்சு விடுகிற, விரல் வலிக்கிற ஓர் ஆள். "இது" என்றேன்.

நான்தான் தேர்ந்தெடுத்தேன். ஃபிடெலிஸ் இல்லை, இயந்திரமும் இல்லை.

உன்னைக் கேட்டிருக்கலாம். கேசட் அடிப்பதற்கு முன் கண்டக்டர் மூலம் ஒரு சீட்டு எழுதியிருந்தால் இரண்டு நாளில் பதில் வந்திருக்கும். நீ வேண்டாம் என்பாய் என்று தெரிந்ததால்தான் கேட்கவில்லை. பாட்டு நன்றாக வந்திருக்கிறது, தம்பி. நான் செய்ததிலேயே அதுதான் சிறந்தது. அதற்காக நான் வருத்தப்படவில்லை. உன் தப்பை எடுத்து அதைச் செய்தேன், என் தப்பு ஒன்றைக்கூட அதில் வைக்கவில்லை. என் பங்கை ஏழு தடவை வாசித்துச் சுத்தமானதைத்தான் வைத்துக்கொண்டேன். அதற்குத்தான் வருத்தம்.

மழைச் சடங்குக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை. மூக்குப்பொடியும் கறுப்புத் துணியும் கண்டக்டரிடம் கொடுத்திருக்கிறேன். எஸ்னாத் அண்ணியிடம் சேர்த்துவிடு.

ஷுவாய்

*

மொந்தோரோ
8 அக்டோபர் 1995

அண்ணிக்கு,

நான்கு சுத்தமான சுற்றுகள் இருந்தன என்று படித்தபின் நான்கு நாள் உங்கள் கடிதத்தைத் தொடவில்லை. ஐந்தாம் நாள் எடுத்து மறுபடி படித்தேன். அதைப் பற்றி இப்போது எழுதவில்லை. வேறு விஷயம் எழுதவேண்டியிருக்கிறது. நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சொல்லப்பட்டதை எழுதுகிறேன்.

30ஆம் தேதி சடங்கு நடந்தது. முன்வாசிப்புக்கு வந்தவர் நல்ல வாசிப்பாளர். குறை சொல்ல முடியாது. இருவரும் இரவு முழுக்க வாசித்தோம். சாமியாடி மார்த்தாவை உங்களுக்குத் தெரியும், பேருந்து நிறுத்தத்தில் தக்காளி விற்கும் பெண். பாயில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். அவள்மேல் இறங்கும் நம் குலத்துத் தாத்தா வரவில்லை. விடிந்துவிட்டது. வந்தவர் எம்பிராவை உறையில் போட்டுக் கட்டினார். மார்த்தா துணியை உதறி மடித்தாள். "தக்காளி வெயிலுக்கு முன்னாடி போயாகணும்" என்றாள்.

கள் பானைகளைக் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் அலுப்புக்கு ஏதோ பாட ஆரம்பித்தார்கள். "வழிவிடு" பாட்டுத்தான், ரேடியோவில் வருகிற விதத்தில். பானையைத் தட்டித் தாளம். அந்த இடம் வரும்போது எல்லாரும் சேர்ந்து கையைப் பிந்தித் தட்டினார்கள். நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். மூன்றாவது முறை தட்டியபோது மார்த்தா மடித்த துணியோடு அப்படியே உட்கார்ந்தாள். தோள் குலுங்கியது. தும்மினாள். பிறகு தாத்தாவின் குரல்.

எல்லாரும் தரையில் உட்கார்ந்து கை தட்டினோம். போனிஃபேஸ்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"தாத்தா, ராத்திரி பூரா ரெண்டு பேரு விரல் தேய வாசிச்சாங்க, நீங்க வரலை. பானை கழுவுறவங்க நொண்டிப் பாட்டு பாடினா வர்றீங்க. இது என்ன நியாயம்?"

"ராத்திரி வாசிச்சது யாரு? எனக்குப் பழக்கமில்லாத சத்தம்" என்றார் தாத்தா. "இது எங்க வீட்டுப் பையன் விரலு. சின்ன வயசுலயே அவனுக்கு அந்தக் கட்டைவிரல் கொஞ்சம் சோம்பேறி."

"அது தப்புத் தாத்தா" என்றேன் நான். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"தப்புன்னு எனக்குத் தெரியாதா? நான் செத்தவன், செவிடன் இல்ல." மூக்குப்பொடி கேட்டார். நீங்கள் அனுப்பியதைத்தான் அக்கா கொடுத்தாள். "முன்னாடி வாசிக்கிறவ எங்க?"

"பட்டணத்துல இருக்கா தாத்தா" என்றாள் அக்கா.

"செத்துட்டாளா?"

"ஐயோ, இல்ல தாத்தா. வேலையில இருக்கா."

"அப்ப வரட்டும். ரெண்டு பேரும் வந்து உட்காரட்டும். மழையைப் பத்தி அப்புறம் பேசுவோம்."

இன்னொரு தும்மல், போய்விட்டார். மார்த்தா எழுந்து, "மணி என்ன? தக்காளி?" என்றாள்.

இவ்வளவுதான். முப்பது வருடம் சரியாக வாசித்ததில் அவருக்கு என்னை அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை. வழுக்கியதில் தெரிந்திருக்கிறது. இதற்குச் சந்தோஷப்படுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. போனிஃபேஸ் நொண்டுவதை நிறுத்திவிட்டார். அதுவே எனக்கு என்னவோ போல இருக்கிறது.

நவம்பர் பிறந்தால் எந்தச் சடங்கும் வைக்கக்கூடாது. அது போய் டிசம்பர் என்றால் விதைப்பதற்கு ஒன்றுமிருக்காது. ஆகவே சடங்கை மறுபடியும் இந்த மாதம் 28ஆம் தேதி, சனிக்கிழமை என்று வைத்துவிட்டார்கள். 21ஆம் தேதி கேழ்வரகை நனைக்கிறார்கள். கள்ளுக்கு ஏழு நாள் வேண்டும். அன்றுதான் உங்கள் கச்சேரி என்பது எனக்குத் தெரியும். அக்காவிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. வராவிட்டால் காய்ச்சல் என்று சொல்லிக்கொள்கிறேன்.

எஸ்னாத் அக்கா எழுதச் சொன்னதால் இதை எழுதினேன்.

செஞ்செராய்

*

கம்புசுமா
26 அக்டோபர் 1995, வியாழன்

அன்புள்ள தம்பி,

இந்தக் கடிதத்தைக் கண்டக்டரிடம் கொடுக்கப்போவதில்லை. எம்பிராவைப் பொருத்தி வைக்கும் சுரைக்குடுக்கைக்குள் போட்டிருக்கிறேன். யார் கையால் உனக்கு வந்து சேர்கிறது என்பதைப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

ஆகஸ்ட் மாதம் உன் கடிதம் வந்த நாளிலிருந்து நகத்தை வெட்டவில்லை. எதற்கென்று எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. கத்தரியை எடுப்பேன், ஒன்பது விரலோடு நிறுத்திவிடுவேன். இப்போது முக்கால்வாசி வளர்ந்திருக்கிறது. நாக்கை நெம்பினால் நகமும் படுகிறது, சதையும் படுகிறது. வலிக்கிறது.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் ஃபிடெலிஸிடம் போனேன். என் முன்வாசிப்பை மட்டும் ஐந்து சுற்று பதிவு செய்துகொள்ளச் சொன்னேன்.

"எதுக்குக்கா? சனிக்கிழமை நீங்களே மேடையில இருப்பீங்கல்ல?"

"காய்ச்சல் கீய்ச்சல் வந்தா?"

"உங்களுக்கா? காய்ச்சல் பயந்து அடுத்த தெருவுக்குப் போயிடும்."

வாசித்தேன். இரண்டாவது சுற்றில் நகம் மடங்கி விரல் சறுக்கிவிட்டது. மேல்வரிசையில் ஒரு நாக்கு விழவே இல்லை. அந்த இடத்தில் ஒன்றுமில்லை, ஒரு ஓட்டை. நானும் அடுத்த சுற்றில் மூடினேன். உன்னளவு நன்றாக மூடவில்லை.

"ரெண்டாவது போச்சுக்கா. மத்த நாலும் பரவாயில்ல" என்றான் ஃபிடெலிஸ். "எதை வைக்கட்டும்?"

"நாளைக்குச் சொல்றேன்" என்று எழுந்தேன். அவன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, இரண்டாவது சுற்றையும் அழிக்காமல் வைத்துக்கொண்டான். அவன் முட்டாள் இல்லை.

அதன்பின் மூன்று நாள் போய்விட்டது. இதற்கிடையில் விழாக்காரர்களில் ஒருவர் பள்ளிக்கூடத்துக்கே வந்து என்னைப் பார்த்தார். நல்ல மனிதர். மேடையில் நான் எந்தப் பக்கம் உட்காருவேன், விளக்கு எங்கே வைப்பது என்று கேட்டார். இடது பக்கம் என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் குறித்துக்கொண்டு போனார். இடது பக்கத்து விளக்கு சனிக்கிழமை ஒரு வெறும் நாற்காலிமேல் விழும். இனி அவர்கள் கூப்பிட மாட்டார்கள். ஃபிடெலிஸ் கத்துவான், பிறகு பேசுவதை நிறுத்திவிடுவான். அவனுக்கு அந்த ஊர்களெல்லாம் போகவேண்டும் என்று ஆசை. அவன் பெயர் பொடி எழுத்தில் இருப்பதை இப்போதுதான் முழுதாகப் பார்த்தேன். இதில் யாருக்கும் தீங்கில்லாத வழி ஒன்று இருக்கிறதா என்று மூன்று நாள் தேடினேன். இல்லை.

தாத்தா கூப்பிட்டதற்காக வருகிறேன் என்று அண்ணியிடம் சொல்வேன். உன்னிடம் அப்படிச் சொல்ல மாட்டேன். அவர் வருவாரா, மழையைப் பற்றி என்ன சொல்வார், எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது, முக்கால் நகத்தோடு விடியும்வரை வாசித்தால் நான் பல தடவை சறுக்குவேன் என்பதுதான். போனிஃபேஸ் கேட்டுக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை உன் வாசலில் அவர் எனக்காக எப்படி நடந்து காட்டப்போகிறார் என்று யோசித்துப் பார்க்கிறேன். நீ முகம் பார்க்காமல் பதில் சொல்லிக்கொண்டே இரு, அது போதும்.

மேசைமேல் ஃபிடெலிஸுக்கு ஒரு சீட்டு எழுதி மடித்து வைத்திருக்கிறேன். எம்பாரே நிலையத்திலிருந்து மொந்தோரோ பேருந்து நாளைக் காலை ஆறு மணிக்கு. போகிற வழியில் அவன் வீட்டுக் கதவுக்கு அடியில் சீட்டைத் தள்ளிவிட்டுப் போவேன். அதுவரை யாருக்கும் தெரியாது. பள்ளிக்குத் தெரியாது, எஸ்னாத் அண்ணிக்குத் தெரியாது, இதைப் படிக்கும்வரை உனக்கும் தெரியாது.

சீட்டில் இரண்டே வரி. "சனிக்கிழமை நான் இல்லை, செஞ்செராயின் சுற்றுக்குப் பக்கத்தில் என் பங்கையும் இயந்திரமே வாசிக்கட்டும். இரண்டாவது சுற்றைப் போடு."

ஷுவாய்